லோலோவுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது

என் மகனே,

நீ அனுப்பிய உரை வந்து சேர்ந்தது. "அப்பா, ஜஸ்ட் செக் த லெங்த்" என்று ஒரு வரி, கீழே மூன்று பக்கம். நீளம் சரியாக இருக்கிறது. உன் லோலோவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து, சர்ச் ஹாலில் எல்லாரும் தட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது வாசிக்க மூன்று பக்கம் போதும். அதற்கு மேல் போனால் நூடுல்ஸ் ஆறிவிடும், பிலிப்பினோ உறவினர்கள் மன்னிக்க மாட்டார்கள். முதல் பக்கம் ஜோர். மூன்றாம் பக்கம் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினேன், ஆபீசில் அலர்ஜி என்று சொல்லிச் சமாளித்தேன். வில்லங்கம் இரண்டாம் பக்கத்தில்தான். லோலோ விசா பட்டியலைத் தப்பாகப் படித்த கதை. நம் வீட்டில் ஆறு வருடமாக வெற்றிநடை போடும் கதை. அதன் கதாநாயகன் அவர் என்றாலும் நடிகன் நீதான். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, "அனாக்! இட்ஸ் கரண்ட்!" என்று நீ கத்தினால் சிரிக்காதவர் இல்லை. தமிழ் நண்பர்கள் வீட்டுப் பாட்லக் விருந்துகளில் அதே கதையைச் சொல்லி நானும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். நீ அந்தப் பக்கத்தை ஒரு வரியோடு முடித்திருக்கிறாய்: "லோலோ வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு இதுதான்."

அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. லோலோ தப்பாகப் படிக்கவில்லை. நான் தப்பாக எழுதிக் கொடுத்ததை அவர் சரியாகப் படித்தார்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் இரண்டாவது நிமிடமே ஒரு ஜோக் அடித்து நழுவிவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். படி, மெதுவாகவே படி. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். கதையை ஊருக்குச் சொன்னவன், திருத்தத்தையும் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா வீட்டு மொழியில் லோலோ என்றால் தாத்தா. எங்கள் தூத்துக்குடியில் ஓயாமல் சுற்றுகிறவனை "லோ லோன்னு அலையுதான்" என்போம். உன் லோலோவுக்கு இரண்டு மொழியும் பொருந்தியது. முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடம் பிறருடைய அப்பா அம்மாக்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற மறுநாளே நம் வீட்டுக்குக் குடிவந்து, உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் கூட்டிப்போனது நான் என்றா நினைக்கிறாய்? நான் போர்வைக்குள் இருந்தேன். தன் பழைய வேனில் உன்னை ஏற்றிக்கொண்டு போய், நீ 'அ' எழுதி முடிக்கும்வரை வெளியே அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பார். அங்கே அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ், "சாப்டாச்சா?" அதைக் கல்யாண வீட்டிலும் கேட்பார், துக்க வீட்டிலும் கேட்பார். ஒருமுறை ஃப்ரீவேயில் அவரை நிறுத்திய போலீஸ்காரரிடமும் கேட்டார்.

நான் அவரை முதன்முதலில் பார்த்த நாளைச் சொல்ல வேண்டும். உன் அம்மா என்னை யூனியன் சிட்டியில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் நல்லபிள்ளையாகக் காலைத் தொடக் குனிந்தேன். அவர்கள் வழக்கமோ வேறு: பெரியவர் கையை நீட்டுவார், சின்னவர் அதைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவர் நீட்டவும் நான் குனியவும், அவர் விரல் முட்டி என் மூக்கைப் பதம் பார்த்துவிட்டது. பெண் கேட்டுப் போனவன் மூக்கில் ரத்தம். அவர் ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நீ திரும்பிப் போக முடியாது அனாக். ரத்தம் சிந்தியாச்சு." அனாக் என்றால் பிள்ளை. அவர் பேசியதெல்லாம் அவர் ஊர் ஆங்கிலம்தான். என் காதில் அது எப்போதும் தமிழாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். அவர்களுக்கும் 'ஃப' வராது, நமக்கும் வராது. நாங்கள் இருவரும் சேர்ந்து திறந்தது 'பிரிட்ஜ்'தான். அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள் என்று கராஜில் ஒரு மின்சார அடுப்பை வைத்து அவர் கருவாடு பொரிப்பார். அந்த வாசம் வந்த கணத்தில், மாமனார் விஷயத்தில் எனக்கு லாட்டரி அடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அவருக்கு இரண்டு பெண்கள். உன் பாட்டி இறந்த பிறகு, இங்கிருந்த தன் அக்கா மூலம் அவருக்கு விசா வந்தபோது உன் அம்மாவுக்குப் பதினைந்து வயது, அப்பாவோடு வரலாம். டெஸ் பெரியம்மாவுக்கு இருபத்திரண்டு, வர முடியாது. சொந்த ஊரான படாங்காஸில் பெரியவளை விட்டுவிட்டுச் சின்னவளோடு விமானம் ஏறினார். குடியுரிமை கிடைத்த மறுவாரமே பெரிய மகளுக்காக மனுப் போட்டார். அந்த வரிசையைப் பற்றி நம் ஐ.டி. நண்பர்களுக்கு விளக்க வேண்டாம், உனக்கு விளக்குகிறேன். மாதம் ஒருமுறை அரசாங்கம் ஒரு பட்டியல் போடும்: இன்ன தேதிக்கு முன் மனுப் போட்டவர்கள் இப்போது வரலாம் என்று. ஒரு மாதம் தேதி ஒரு வாரம் நகரும், ஒரு மாதம் அசையாது, ஒரு மாதம் பின்னாலும் போகும். தேதிக்குப் பதிலாக, 'கரண்ட்' என்பதன் சுருக்கமாக ஆங்கில 'சி' என்ற ஒற்றை எழுத்து இருந்தால் வரிசையே இல்லை, கதவு திறந்துவிட்டது என்று பொருள். இன்னொரு விதியும் இருந்தது. மனுப் போட்ட தகப்பன் நடுவில் செத்துப்போனால், மனுவும் கூடவே செத்துப்போகும்.

ஆகவே உன் லோலோவுக்கு ஒரே வேலை: சாகாமல் இருப்பது. சிகரெட்டை விட்டார். உப்பைக் குறைத்தார், கருவாட்டைக்கூட மாதத்துக்கு ஒன்று என்று ஆக்கினார். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னால், "எனக்கு லீவு கிடையாது டாக்டர், பொண்ணு வரணும்" என்பார். மாதாமாதம் ஆபீசில் அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வருவது என் பொறுப்பு. அவர் அதை வாங்கி, பிலிப்பைன்ஸ் என்று போட்ட கட்டத்தில் விரலை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு மடித்து பைபிளுக்குள் வைப்பார்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். அந்தக் குணம் உனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஒருமுறை அவருடைய வேனில் 'விற்பனைக்கு' என்று எழுதி அவர் போன் நம்பரையும் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் போன் அடித்தபடி இருந்தது. அவர் கோபப்படவில்லை, கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் பேரம் பேசி விலையை ஏற்றிக்கொண்டே போனார். பதிலுக்கு என் செருப்பு, ஷூ எல்லாவற்றிலும் இடது கால் மட்டும் காணாமல் போனது. இந்த ஆளோடு என்ன விளையாடினாலும் தாங்குவார் என்று எனக்கு ஒரு தைரியம்.

2003, ஏப்ரல் ஒன்றாம் தேதி. நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் காலை விமானத்தில் டெக்சாஸ் இர்விங்குக்கு ஆபீஸ் வேலையாகப் போக வேண்டும். முந்தின நாள் ஆபீஸ் கணினியில் உட்கார்ந்து, அந்தப் பட்டியலை அச்சு அசலாக அடித்து, மேலே 'திருத்தப்பட்ட பட்டியல்' என்று போட்டு, டெஸ் பெரியம்மாவின் கட்டத்தில் ஒரு 'சி' வைத்தேன். ஒரே ஒரு எழுத்து. காலையில் அவர் காபிக் கோப்பைக்கு அடியில் செருகிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். இறங்கியதும் போன் செய்து "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்துவதாகத் திட்டம். இறங்கினால், அங்கே சர்வர் படுத்துவிட்டது என்று பத்துப் பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். மறந்துவிட்டேன். கொஞ்சம் நினைவு வந்தபோது, இதற்குள் கண்டுபிடித்துச் சிரித்திருப்பார், என் ஷூவைத் தேடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் ஏப்ரல் ஒன்று தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒருவன் கைவைப்பான் என்று அவர் மனதில் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வீட்டுக்கு வந்தேன். மாடியிலிருந்து பெயிண்ட் வாசம். ஏறிப் போனால், ஏணி மேல் நின்று அந்தச் சின்ன அறைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறார். தலைமுடியெல்லாம் மஞ்சள்.

"வந்துட்டியா! டெஸ்ஸுக்கு மஞ்சள் பிடிக்கும். திரை மட்டும் நீ வாங்கு."

ஒருவழியாகச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்தார். ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"டெஸ் நேத்து வேலையை ரிசைன் பண்ணிட்டா" என்றார்.

பெரியம்மா அங்கே அரசுப் பள்ளியில் டீச்சர். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வேறு ஆளைப் போட வசதியாக இருக்கட்டும் என்று, நல்ல மனதோடு, உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் காத்திருந்தது. திரும்பக் கிடைக்கவேயில்லை.

"நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன் மாமா" என்றேன்.

"சொல்லி?"

"என் மேல கோபப்படட்டும்."

"நீ யாரு அவளுக்கு? போட்டோல பார்த்த மாப்பிள்ளை. என் மேல கோபப்பட்டா அப்பன்னு ஒருநாள் ஆறும். உன் மேல பட்டா எப்படி ஆறும்? அவ என்னிக்கு வந்தாலும் இறங்கப் போறது உன் வீட்டுலதான். வெறுப்போட ஒருத்தி இந்த வாசப்படி ஏறக்கூடாது." டப்பாவை மூடினார். "எனக்குக் கண்ணு சரியில்ல. வயசாச்சுல்ல? தப்பாப் படிச்சிட்டேன். அவ்வளவுதான்."

கராஜுக்குப் போய் அந்தக் காகிதத்தை அடுப்பில் காட்டி எரித்தார். பிறகு எனக்கு முன்னாலேயே பெரியம்மாவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று அவர்கள் மொழியில் எனக்கு முழுதாகப் புரியவில்லை. 'மாதா' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. வேளாங்கண்ணி மாதாவை நினைத்துவிடாதே. அங்கே மாதா என்றால் கண். மறுமுனையில் போன் வைக்கப்பட்ட பிறகும் அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த உன் அம்மாவிடமும் அதையே சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். மறுநாள் மிச்சச் சுவருக்கும் மஞ்சள் அடித்து முடித்தார்.

பெரியம்மா எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. லோலோ வாராவாரம் போன் கார்டு வாங்கி அடிப்பார். பேத்தி எடுத்து, "அம்மா குளிக்கிறா லோலோ" என்பாள். "படாங்காஸ்லயே சுத்தமான பொம்பளை என் பொண்ணுதான். எட்டு மாசமாக் குளிக்கிறா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஹாலின் மூலையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி எப்போதும் இருக்குமே, சோப்பும் சாக்லேட்டும் டின் கறியுமாக நிரம்ப நிரம்பக் கப்பலில் ஊருக்கு அனுப்புவாரே, அந்த எட்டு மாதத்தில் மட்டும் அது இரண்டு மடங்கு வேகமாக நிரம்பியது. கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மாவே கூப்பிட்டார். அன்று அவர் கராஜில் ஒன்றுக்கு நான்கு கருவாடு பொரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

இதற்கிடையில் மருந்துக்கடையில் தடித்த கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தார். மற்றவர்கள் முன்னால் அதைப் போட்டுக்கொள்வார். நானும் அவரும் மட்டும் இருக்கும்போது கழற்றி வைத்துவிட்டு, பட்டியலின் அடிக்குறிப்பில் எறும்பு மாதிரி இருக்கும் எழுத்தைக் கை நீளத்தில் பிடித்துச் சரளமாகப் படிப்பார். நீ அறைக்குள் வந்தால் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார். உன்னைச் சிரிக்க வைக்க என்று நீ நினைத்தாய். பாதி அதற்குத்தான். மறுபாதி எனக்காக. நம் வீட்டில் பெரிய கோமாளி நான் என்று இறுமாந்திருந்தேன். அவர் ஐந்து வருடம் ஓட்டிய ஒற்றை வேஷத்துக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?

2005-ல் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஹோம்வொர்க் செய்ததைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். ஒரு வரியும் மாற்றாதே. முதல் நாள் நர்ஸிடம், வண்டியை மெக்கானிக்கிடம் விட்டவர் போல, "இதை வெச்சு எவ்வளவு வருஷம் ஓட்டலாம்?" என்று அவர் கேட்டது மட்டும் நீ பார்த்திராதது. தேவையானதைவிட அவர் சில மாதம் அதிகமாகவே ஓட்டினார். 2008 கோடையில் பெரியம்மா குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். கூட்டம் வெளியே வருகிறது. நான் எக்கி எக்கிப் பார்க்கிறேன், தெரியவில்லை. சக்கர நாற்காலியிலிருந்து உன் லோலோ, "அதோ, பச்சைச் சட்டை, கைல குடை" என்கிறார், நூறடி தூரத்தில். பெரியம்மா ஓடிவந்து அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்து, வைத்தபடியே நின்றார். அப்புறம் முகத்தை நிமிர்த்தி முதலில் கேட்டது: "அப்பா, கண்ணாடி எங்கே?" அவர் சட்டைப் பையைத் தடவினார். என்னைப் பார்த்தார். கண்ணாடி என் பையில் இருந்தது. எடுத்து மாட்டிவிட்டேன். மாட்டும்போது கண்ணடித்தார்.

இலையுதிர் காலத்தில் போய்விட்டார். உனக்கே தெரியும்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் வேண்டாம், நாற்பதாம் நாள் கழியட்டும், பெரியம்மாவுக்கு வேலை கிடைக்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சாக்கு அடுக்கினேன். நீ அந்தக் கதையை நடித்துக் காட்டும்போதெல்லாம் பெரியம்மா வாய்விட்டுச் சிரிப்பார். சிரித்து முடித்து, "பாவம் அப்பா. நான் எட்டு மாசம் பேசல" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தில் எனக்கு எப்போதும் ஐஸ் எடுக்க உள்ளே போக வேண்டிய வேலை வந்துவிடும். மகனே, நீ ஜோக் அடிக்கிற பிள்ளை. அதை விடச் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனால் ஒருவர் மேல் ஒரு விளையாட்டை எறிந்தால், அது விழுந்து அடங்கும்வரை பக்கத்திலேயே நில். எறிந்துவிட்டு விமானம் ஏறாதே.

'ஒரே தப்பு' என்ற உன் வரியைப் படித்த அன்றே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீயா?" என்றாள். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் பேசவில்லை. நேற்றுக் காலை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைப் பூசைக்காக மேஜை நிறைய லும்பியா ரோல் சுருட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. இன்னும் மூன்று சுருட்டி வரிசையில் வைத்தார்.

"அப்பாவுக்கு முதல்லேர்ந்தே தெரியுமா?"

"மூணாம் நாளே தெரியும்."

"நான் போன் எடுக்காதப்பவும்?"

"தெரியும். நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவர் வேண்டாம்னுட்டார்."

"நீ ஏன் அவர் பேச்சைக் கேட்ட? வேற எந்த விஷயத்துலயாவது அவர் பேச்சைக் கேட்டிருக்கியா?"

பழக்கம் விடுமா, ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். மாவு ஒட்டிய கையை உயர்த்தி நிறுத்தினார். "சிரிக்க வைக்காதே. அந்த எட்டு மாசத்தை எனக்கு யார் குடுப்பா? அவரா, நீயா?"

அவர் அழவில்லை. இன்னொன்றைச் சுருட்டி வைத்துவிட்டு, "சனிக்கிழமை பையன் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். நீ சொல்லு. எல்லார் முன்னாலயும், நின்னு சொல்லு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே உன் முறைக்கு முன்னால் நான் எழுந்து பேசுவேன். நீ பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள். ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். நான் எழுந்து நின்று 'விசா பட்டியல்' என்று ஆரம்பித்ததுமே, பழக்கத்தில் எல்லாரும் சிரிக்கத் தொடங்குவார்கள். என் முகமும் அப்படிப்பட்டதுதானே. எல்லாரும் முதலில் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நீ சிரிக்காமல் இரு. நீ சிரிக்கவில்லை என்றால் அவர்களும் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை என்னால் சொல்லிவிட முடியும்.

அப்பா